காதோரக் கோடு

பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் மருத்துவமனையின் ஸ்டோர் அதிகாரி.

உள்ளே நூற்றிருபது ஃபேஸ் ஷீல்டுகள். சாவிக்கொத்து பொம்மை செய்து விற்பதற்காக வாங்கிய என் த்ரீடி பிரிண்டரைப் பதினோரு நாள் அணைக்காமல் ஓட்டிச் செய்தவை.

அதன் தட்டில் ஒரு கீறல் உண்டு. ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைக் கத்தியால் சுரண்டப்போய் நானே போட்டது. அதனால் ஒவ்வொரு நெற்றிப் பட்டையிலும் இடது காதோரம் மயிரிழை போல ஒரு கோடு விழும். பிள்ளைகளுக்கு மச்சம் வைத்து அனுப்புகிறாயா என்று அக்கா கேலி செய்தாள்.

அக்கா இங்கேதான் மாடியில் காய்ச்சல் வார்டில் நர்ஸ். நான் கொடுத்ததை மாட்டிக்கொண்டு போனவளை வார்டு வாசலிலேயே கழற்ற வைத்தார்கள். ஸ்டோர் முத்திரை இல்லாதது உள்ளே போகக் கூடாதாம். அன்றிலிருந்து பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி, ரப்பர் பேண்டில் கட்டிக்கொண்டு, இருமுகிறவர்கள் முகத்துக்கு நேரே குனிகிறாள். அவளோடு வேலை பார்த்த மூன்று பேர் அதே வார்டில் படுக்கையில் கிடக்கிறார்கள்.

என்னுடையதற்குத் தரச் சான்றிதழ் இல்லையாம். வீடு பற்றி எரிகிறது, இவர் தண்ணீர்க் குடத்துக்கு ரசீது கேட்கிறார்.

போன மாதம் கொடுத்த அறுபது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

விதிப்படி எரித்தாயிற்று என்றார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறுபதும் என் கண் முன்னால் உருகுவது போலிருந்தது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவருக்கே பாவமாகிவிட்டது போல. நாற்காலியை என் பக்கம் திருப்பி, பொறுமையாகப் பாடம் எடுத்தார். தான் மாட்டியிருந்த ஷீல்டின் நெற்றிப் பட்டையைத் தட்டிக் காட்டினார்.

"தரம்னா இப்படி இருக்கணும்மா. போட்டிருக்கறதே தெரியாது."

பக்கவாட்டிலும் பார்க்கட்டும் என்று தலையைத் திருப்பினார். இடது காதோரம் மயிரிழை போல ஒரு கோடு.

டைப்பிஸ்ட்டைப் பார்த்தேன். கதவோரம் நின்ற பியூனைப் பார்த்தேன். அவர்கள் காதோரமும் அதே கோடு. நோயாளி ஒருவர்கூட எட்டிப் பார்க்காத அறை அது.

பெட்டியை அவர் மேசை மேலேயே வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.

"எரிச்சதைக் கழட்டிக் குடுங்க சார். எங்க அக்காவுக்கு டியூட்டி ஆரம்பிக்கப் போகுது."