துணி வாடையா, ஆள் வாடையா

“மனுசனைத் தொரத்துற நாய் நம்ம வீட்டுக்கு வேண்டாம்ணே! துணியைத் தொரத்துற நாயே போதும்!”

செல்லக்கனி போட்ட சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது. நான் பக்கத்து வீடு. எனக்குக் கேட்கக் கூடாது என்றால் எப்படி?

காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனேன். துணியெல்லாம் முந்தின நாளே காய்ந்துவிட்டது. அது வேறு விஷயம்.

கீழே முற்றத்தில் அவள் அண்ணன் லட்சுமிகாந்தம் முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றார். பட்டாசுக் கம்பெனி முதலாளி. துரைமார் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சமயம் அது. நீலகிரித் துரை ஒருவரிடம் ஒரு குதிரையை வாங்கி வந்திருந்தார்.

சிவகாசியில் நாங்கள் அதுவரை குதிரையைத் தீப்பெட்டி லேபிளில்தான் அதிகம் பார்த்திருந்தோம். இந்தக் குதிரைக்கு வெடிச்சத்தம் ஆகாது. முதலாளி குதிரை ஏறுகிற நாளில் கம்பெனியில் ஒரு வெடி டெஸ்ட் பண்ணக் கூடாது.

துரைமாரைப் போல நாய்க் கூட்டத்தின் பின்னால் குதிரையில் பாய்ந்து போய் வேலி தாண்ட வேண்டும். அவருக்கு அதுதான் ஆசை.

அந்தத் துரையிடம் நாய்களும் இரண்டு கூட்டம் விலைக்கு இருந்தன. ஒரு கூட்டம், சோம்பு எண்ணெயில் நனைத்த துணியைத் தரையோடு இழுத்துக்கொண்டு போனால் அந்த வாடையைப் பிடித்துப் பறக்கும். இன்னொன்று மோப்ப நாய். முன்னால் ஓடிப் போன ஆளின் வாடையைப் பிடித்து, அவன் நின்ற இடத்திலெல்லாம் நின்று, கடைசியாக ஒதுங்கிய இடத்தில் போய் உட்காரும்.

“துணின்னாத்தான வேகம்? வேலி தாண்டத்தான நீங்க ஆசைப்பட்டீக?”

“போ புள்ள. துணி போட்ட தடத்துல போறதுல என்ன இருக்கு? ஆளுன்னா வளைவான், ஒளிவான். அதுலதான் ருசி. நம்ம கிறிஸ்துராஜ் வாத்தியாரு ஓடுறேன்னு ஒத்துக்கிட்டாக.”

செல்லக்கனி சத்தம் அதோடு அடங்கிவிட்டது.

காரணம் தெருவுக்கே தெரியும். அண்ணனுக்கு மட்டும் தெரியாது. டிரில் வாத்தியார் கிறிஸ்துராஜ் காலையில் ஊரைச் சுற்றி ஓடுவார். அவருடைய ஷூக் கயிறு வேறெங்கும் அவிழாது. செல்லக்கனி வீட்டுப் பின்வாசல் படிக்கு வந்தால்தான் அவிழும். கட்டி முடிக்க அரைமணி நேரமாகும்.

அந்தப் படியில் நாய்கள் நின்றுவிட்டால்? சர்ச்சுக்குப் போகிற வேதக்கார மாப்பிள்ளை என்றால் அந்த வீட்டில் குதிரைச் சவுக்குக்குப் புது வேலை வந்துவிடும்.

முதலாளி மோப்ப நாய்களைத்தான் வாங்கினார். தொங்கு காது, தொங்கு கன்னம், துட்டி வீட்டுக்கு அழ வந்த மாதிரி முகம்.

சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஓட்டம். வாத்தியார் எந்தப் பக்கமும் ஓடலாம், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று பேச்சு. அவர் போய் வெகுநேரம் கழித்து அவருடைய பனியனை நாய்களுக்கு முகரக் கொடுத்தார்கள்.

செல்லக்கனி காலையிலிருந்து பின்வாசல் படியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்து முழுதும் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான் மாடியில் நின்றேன்.

நாய்களின் ஊளை கிட்டே வந்தது. சந்து முனைக் கிளுவை வேலியைக் குதிரை தாண்டியது. முதலாளி தொப்பி தாண்டவில்லை.

அப்போது தாழ் விலகுகிற சத்தம் கேட்டது.

கதவை விரியத் திறந்துகொண்டு செல்லக்கனி வெளியே வந்தாள். தலை சீவிப் பூ வைத்திருந்தாள். படியில் நின்று என்னை அண்ணாந்து பார்த்தாள்.

“நல்லாப் பாத்துக்கோங்க அத்தே. இன்னையோட எல்லாருக்கும் தெரிஞ்சிரட்டும்.”

நாய்கள் மூக்கைத் தரையில் வைத்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றின் காது அவள் சேலைக் கரையில் உரசியது. அது தலையைத் தூக்கவில்லை. எதுவுமே நிற்கவில்லை. வாத்தியார் இந்த வழியாகத்தான் போயிருக்கிறார். படிப்பக்கம் ஒதுங்காமல் போயிருக்கிறார்.

“ஓரமா நில்லு புள்ள!” என்று கத்திக்கொண்டே அண்ணன் பின்னால் போனார்.

தன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்றுதான் வாத்தியார் நிற்காமல் போயிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தாள். உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் குதிரையை நடத்திக்கொண்டு திரும்பி வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“வாத்தியாரு எங்கன இருந்தாகங்கே? ஆஸ்பத்திரிக்குப் பின்னால, நம்ம நர்ஸ் தேவமணி வீட்டுல! காலை நீட்டி ஒக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காக. அந்தப் புள்ள விசிறிக்கிட்டு நிக்கி. நாயைப் பாத்ததும் ரெண்டு பேரும் முழிச்ச முழி இருக்கே!”

செல்லக்கனி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஷூவைக் கழட்டி வச்சிருந்தாகளா?”

“ஆமா, வாசல்ல கெடந்துச்சு. என்ன கேள்வி கேக்குது பாரு!”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இந்தத் தடவை தாழ் போடவில்லை. நான் அப்போதே இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மாடியிலேயே நின்றுவிட்டேன்.

வாத்தியாருக்கும் தேவமணிக்கும் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. சேர்த்துவைத்ததே தன் நாய்கள்தான் என்று முதலாளி ஒரு லோடு வெடி அனுப்பினார். அவர்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த தையில் செல்லக்கனியைக் காரியாபட்டிப் பருத்தி வியாபாரி ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவள் மாப்பிள்ளை பேரைக்கூடக் கேட்கவில்லை. ‘வாயில்லாத பிள்ளை’ என்று காரியாபட்டிக்காரர்கள் சந்தோஷமாகத் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.