ஒழுகும் குழாய்

"இண்டைக்குக் கடுங்குளிர். குழாயைப் பூட்டாதையும், சொட்டுச் சொட்டா ஒழுகட்டும். பூட்டினா சுவருக்குள்ள தண்ணி உறைஞ்சு பைப் வெடிச்சிடும்" என்றான் கருணைநாதன்.

"ஏனப்பா, குழாய்க்கும் தடிமன் பிடிச்சு மூக்கு ஒழுகுதோ?" என்று சிரித்தாள் நேசமலர்.

அவன் வேலைக்குப் போனான். குடிதண்ணீருக்கு வெயிலில் நெடுந்தூரம் நடக்கும் தீவில் பிறந்து இந்தப் பனிநாட்டுக்குப் புதிதாய் வந்தவள், பிள்ளைகளே, தண்ணீர் வீணாவதை எப்படிப் பார்த்திருப்பாள்? வாளி வைத்தாள். சட்டி, பானை, தேநீர்க் கோப்பைவரை நிரம்பின. கடைசியில் உள்ளங்கையை ஏந்தினாள். அதுவும் நிரம்பி வழிந்தது. மற்றக் கை குழாயைப் பூட்டப் போனது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

திறந்தாள். வெண்பனியில், ஊரில் எப்போதோ இறந்துபோன பெண்கள் வெறுங்குடங்களோடு வரிசையாக நின்றார்கள்.

"தண்ணி நிண்டிட்டுதோ பிள்ளை?" என்றாள் முன்னால் நின்ற பூரணமக்கா.

"இல்லையக்கா, ஒழுகுது. வெறுங்காலோட நிக்காதேங்கோ, உள்ள வாங்கோ."