பின்னால் ஆள் வேண்டாம்

வீராம்பட்டினத்தில் ஆழ்கடல் நீச்சல் சாமான் விற்கும் ஒரே கடை தேவேந்திரனுடையது. வைஜெயந்தி வந்து சைடுமவுண்ட் செட் கேட்டதும் அவன் முகம் வாடியது. அவள் அதை வாங்கிவிடக் கூடாதே என்றிருந்தது.

"முதுகுல மாட்டற சிலிண்டரே போதுமே? பழகினது அதானே."

"அதைத் தூக்கி மாட்டிவிடப் பின்னால ஒரு ஆள் வேணும். எனக்கு யாரு இருக்கா?"

"இதுல பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு சிலிண்டர். தண்ணியில இறங்கி நாமளே மாட்டிக்கலாம். ஆனாலும் கடலுக்குள்ள தனியா போவக் கூடாதுங்க."

"சாமானைக் கேட்டா வேணாங்கறீங்களே, இன்னா கடைக்காரரு நீங்க?"

அளவுகூட எடுக்காமல், சிலிண்டர் மாட்டும் பெல்ட் செட் ஒன்றை எடுத்து வைத்தான். மாட்டிப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது.

"இதையே எடுத்துக்கறேன்."

மறுக்க அவனுக்கு வேறு காரணம் கிடைக்கவில்லை. பில்லில் 'தே. வைஜெயந்தி' என்று எழுதி நீட்டினான்.

"இனிஷியலை மாத்துங்க. எங்கப்பா பேரு செல்லப்பன். 'செ' போடுங்க."

விவாகரத்து கிடைத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எட்டு வருஷமாக அவள் பெயருக்கு முன்னால் இருந்த தன் எழுத்தைத் தேவேந்திரன் தன் பேனாவாலேயே அடித்தான்.