உயிர்த்தோழர் ஒதுக்கீடு

சகல பெற்றோரும் செவிசாய்க்க: இனி முதல் வகுப்பில் பந்தெறிந்து பெயர் சொல்லிப் பழகும் விளையாட்டெல்லாம் கிடையாது, அரசு மாட்டிவிடும் மின்னணுக் கைப்பட்டையே உயிர்த்தோழரை ஒதுக்கி, நட்பையும் அளந்துவிடும்!

மத்தியானத்துக்குள் ஒரு ஜோடி ஒட்டாவிட்டாலும் வகுப்பு டீச்சருக்கு இடமாற்றம். கோமளா டீச்சர் அவசர அவசரமாகப் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார்.

"டீச்சர், இவன்தான் என் உயிர்த்தோழனாம். இவன் பேரென்ன?" என்றான் முகிலன்.

"என் ரப்பரைக் கடிச்சிட்டுப் பேரு கேக்குறான் பாருங்க டீச்சர்!" என்று எகிறினான் ஒதுக்கப்பட்ட தோழன் அன்வர்.

இருவரும் கட்டிப் புரண்டார்கள். பட்டைகள் வீல் வீலென்று கத்தின. சண்டை போட விடாத சனியன்களைக் கழற்றித் தண்ணீர்க் குடத்தில் முக்கிவிட்டு, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எவன்டா போட்டது?" என்று குடத்தில் கிடந்த பட்டைகளைப் பார்த்து உறுமினார் சோதிக்க வந்த அதிகாரி.

"தானா விழுந்துச்சு சார்!" என்றார்கள் இருவரும், தோள்மேல் கை போட்டபடி. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பட்டை இல்லாமல் நட்பை அளக்க முடியாதாம். டீச்சருக்கு இடமாற்றம் வந்தது.