மறுபடியும் நீல மண்டபம்

"என்னங்க, பையை முன்னால மாட்டிக்கோங்க. அந்த கைடோட பார்வையே சரியில்லை."

அரண்மனை மியூசியத்தின் ஆயுத அறையில் வைத்துக் கணவரின் காதில் கிசுகிசுத்தாள் அவள். பைக்குள் ஊருக்குத் திரும்ப டிக்கெட், கேமரா, பயணத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று அவள் கழற்றிக் கொடுத்த வளையல்கள். அது போனால் எல்லாமே போன மாதிரிதான்.

"நானும் கவனிச்சேன்" என்றார் கணவர். "இவங்களை நம்பவே கூடாது. ஆளைப் பார்த்ததுமே எடை போட்டுடுவாங்க."

அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதே அவருடைய உத்தியோகம். வீட்டில் பால்காரர் முதல் பிளம்பர் வரை அவரிடம் தப்பியவர் கிடையாது. "எங்கப்பாவை யாராலயும் ஏமாத்த முடியாது" என்று மகள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

காலையில் கைடு நன்றாகத்தான் இருந்தான். முதலில் காட்டிய நீல மண்டபத்தில் சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னான். "தரையில சில கல்லு பெயர்ந்து ஆடிட்டிருக்கு, பார்த்து நடங்க" என்று எச்சரித்தான். மகள் பூப்பூவாகப் பதித்திருந்த நீலக் கற்களின் மேல் தாவித் தாவிப் போனாள். கணவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு பின்னால் மெதுவாக வந்தார்.

அதற்குப் பிறகுதான் கைடிடம் சிரிப்பு நின்றது. வாய் ராஜாவைப் பற்றிப் பேசியது, கண் மட்டும் கணவரின் பையை விட்டு நகரவில்லை.

"சார், பை கனமா இருந்தா என்கிட்ட குடுங்களேன்."

"ஒண்ணும் வேண்டாம்!" கணவர் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு நீங்கதானேப்பா சொல்வீங்க?" என்று சிரித்தாள் மகள்.

"வாயை மூடிட்டு ஈட்டியைப் பாரு."

கைடு வாளையும் கேடயத்தையும் அவசரமாகக் காட்டி முடித்தான். "வாங்க, நீல மண்டபத்துக்குப் போகலாம்."

"அதைத்தான் பார்த்தாச்சே?" என்றாள் அவள்.

"சரியா பார்க்கலைம்மா. அங்க ஒரு வேலை பாக்கி இருக்கு."

மண்டபத்தில் காலையில் சொன்ன கதையையே மறுபடி சொன்னான், இந்தத் தடவை சிரிப்பில்லாமல். நடுநடுவே, "சார், அவசரமில்லை, நிதானமா பாருங்க" என்று வேறு. கணவர் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு தூணோரமாக நின்றார். பாவம், அவருக்கு வியர்த்தே விட்டது.

அடுத்து பல்லக்கு அறை. பல்லக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைடு காவலாளியிடம் போய் ஏதோ குசுகுசுத்தான். காவலாளி தலையாட்டிவிட்டு நீல மண்டபத்துக்குள் போனான். அங்கே நின்றிருந்த இன்னொரு காவலாளியையும் டீ குடிக்க அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அவள் மகளைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். கூட்டுக் களவாணிகள்! வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"வாங்க சார், கடைசியா ஒரே ஒரு தடவை நீல மண்டபம்."

"போதும்ப்பா, நாங்க கிளம்பறோம். வாசல் எந்தப் பக்கம்?" என்றாள்.

"வாசலுக்கும் அது வழியாத்தாம்மா போகணும்."

மண்டபத்தில் ஈ காக்கை இல்லை.

"அம்மா, நீங்க பாப்பாவைக் கூட்டிட்டு அந்த ஜன்னல்கிட்டப் போங்க. ராணி குளிச்ச குளம் தெரியும். சார் ஒரு நிமிஷம் இங்கேயே இருக்கட்டும்."

ஆகா, ஆளைப் பிரிக்கிறான்! அவள் கணவரைப் பார்த்தாள். எதற்கும் அஞ்சாத மனுஷன், "நீ போ" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். மிரட்டியிருக்கிறான், சந்தேகமே இல்லை. அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அழுகை வந்தது.

போவது மாதிரி போனாள். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் போலீசுக்கு அழைக்கத் தயாராகப் போன். அவன் பையில் கை வைக்கட்டும், கூச்சல் போட்டு ஊரையே கூட்டிவிடுவாள்.

"குளத்துல தண்ணியே இல்லையேம்மா!" மகள் ஜன்னலில் எக்கி நின்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"நல்லா பாரு, கொஞ்சமாவது இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் சட்டென்று திரும்பினாள். 'திருடன்' என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது.

கைடு பையின் பக்கத்திலேயே இல்லை. எட்டப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் வரைந்திருந்த யானையைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

அவனுக்குப் பின்னால் அவள் கணவர் தரையில் மண்டியிட்டிருந்தார். பை திறந்து கிடந்தது. அதிலிருந்து எடுத்த ஒரு நீலக் கல்லைத் தரையிலிருந்த பள்ளத்தில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

நாக்கு நுனியில் இருந்த சொல்லை இப்போது யாரைப் பார்த்துச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் திரும்பிவிடாமல் இருக்க, அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லு நல்லா உட்கார்ந்துடுச்சா சார்?" கைடு திரும்பாமலேயே மெல்லக் கேட்டான். "வாசல்ல எல்லார் பையையும் திறந்து பார்ப்பாங்க. பாப்பா பக்கத்துலயே நிக்கும். அதான்..."