எல்லோர் வீட்டிலும் ஒரே கையெழுத்து

எந்த வீட்டுப் பிரிண்டரில் அச்சடித்தாலும் எழுத்து ஒரே மாதிரி வரவேண்டும் என்று அரசாங்கத்திலிருந்து எல்லாவற்றுக்கும் பொதுவான எழுத்துரு ஒன்றை அனுப்பினார்கள். அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது தேவசகாயத்தின் கையெழுத்தைத்தான். பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். அதன் பிறகு தண்ணீர் வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாமே அவர் கையெழுத்தில் வர ஆரம்பித்தன.

வீட்டுப் பங்குச் சண்டையில் பேச்சை நிறுத்திவிட்ட அவருடைய அக்கா ரோசம்மா, அவர் போனை எடுப்பதில்லை. தேவசகாயம் மன்னிப்புக் கேட்டுக் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. மறுபடியும் எழுதினார். கடைசியில் அக்கா மகன்தான் போனில் சொன்னான்.

"மாமா, அம்மா கவர் மேல எழுத்தைப் பாத்து ஏதோ அச்சடிச்ச நோட்டீஸுன்னு நெனச்சு, பிரிக்காமலே குப்பையில போட்டுட்டாங்க."

அன்று சாயங்காலமே தேவசகாயம் இடது கையால் எழுதி அனுப்பினார். மறுவாரம் பதில் வந்தது, அக்கா வீட்டுப் பிரிண்டரில் அச்சாகி.

"தம்பி, கைக்கு என்னடா ஆச்சு? எழுத்து இப்படிக் கோணிக்கிட்டுப் போகுதே! எனக்கு ஒரு கோபமும் இல்லடா. நேரத்துக்குச் சாப்பிடுறியா?"

அவ்வளவும் அவருடைய கையெழுத்தில். எத்தனை தடவை வாசித்தும், ஆசைப்பட்டதைத் தானே எழுதி வைத்துக்கொண்டது போலத்தான் இருந்தது. அக்கா குரல் அதில் கேட்கவேயில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மும்தாஜிடம் போனார்.

"இதைக் கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டும்மா."

"உங்க எழுத்துதானே சார் இது? உங்களுக்கே வாசிக்கத் தெரியலையா?" என்று அவள் சிரித்தாள்.

"தெரியலம்மா" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். "தம்பின்னு இருக்கு பாரு, அங்கேயிருந்து ஆரம்பி."