தாய்மாமன் அழைப்பு

மகள் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் வீட்டுத் திரையில் எல்லாம் செண்பகவல்லியின் கணினி உருவம் தோன்றி, அவள் குரலிலேயே ஆளுக்குத் தக்கபடி தானாகப் பேசி அழைத்துவிட்டது. இப்போது யாரும் வீடு வீடாக அலைவதில்லை. அவளுக்கும் தெம்பில்லை.

பேச்சுவார்த்தை அற்றுப்போன அண்ணனை மட்டும் நேரில் அழைக்க நினைத்தாள். வெற்றிலைத் தட்டோடு பஸ் மாறிக் கோவில்பட்டி போய்ச் சேர்ந்தபோது கால் வீங்கியிருந்தது.

அண்ணன் வேலாயுதம் கதவைத் திறந்தார்.

"வா. நீதான் போன வாரமே அழைச்சிட்டியே."

அண்ணனை விட்டுவிடும்படி உருவத்திடம் சொல்ல மறந்தது அப்போதுதான் உறைத்தது.

"என்னண்ணே சொன்னேன்?"

"வீட்டைப் பாகம் பிரிச்சப்ப நீ பேசுனதெல்லாம் தப்புன்னு அப்படி அழுதியே. எனக்கும் மனசு ஆறிப்போச்சு. கண்டிப்பா வாரேன்."

தப்பு அவருடையது என்றுதான் இன்றுவரை அவள் நினைத்திருந்தாள். அதை இப்போது சொன்னால் மணமேடையில் மாலை போட மாமன் இருக்கமாட்டார்.

வேலாயுதம் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு உன் மதினி வீட்ல இல்ல. அவ முன்னாலயும் ஒரு தடவ சொல்லிரு."

செண்பகவல்லி தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்படிண்ணே ஆரம்பிச்சேன்?" என்று கேட்டாள்.